படம் வரைய எந்திரம் வந்துவிட்டது. இனி டிசைனருக்கு என்ன வேலை?

பெயரும் ஊரும் வெளியே வரக்கூடாது என்ற வேண்டுகோளோடு ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அவருக்கு வயது 43. 18 ஆண்டுகளாக அச்சுக்கான டிசைன் வேலை. மருந்து லேபிள், அட்டைப்பெட்டி, உள்ளே மடித்து வைக்கும் குறிப்புத்தாள், இவைதான் அவருடைய உலகம். அவருடைய நிறுவனம் இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஆப், இணையதள வேலைகளுக்கு மாறியது. ஆறு பேர் இருந்த டிசைன் பிரிவில் இப்போது இரண்டு பேர்தான். படம் உருவாக்கும் ஏஐ கருவி ஒன்றை வாங்கி, இவர் முன்பு வரைந்தவற்றையே அதற்கு மாதிரியாகக் கொடுத்து, "இதே பாணியில்" புதுப் படங்களை எடுக்கிறார்கள். போன மாதம் மாதச் சந்தா கட்டும் ஒரு ஆப்பின் வேலை இவரிடம் வந்தது. சந்தாவை ரத்து செய்யும் பட்டனை எளிதில் கண்ணில் படாத இடத்தில் வைக்கச் சொன்னார் மேலாளர். "நான் படம் போடுகிறவள்தானே, முடிவு அவர்களுடையது என்று என்னை நானே தேற்றிக்கொள்கிறேன். ஆனால் தூக்கம் வரமாட்டேன் என்கிறது" என்று எழுதியிருக்கிறார்.

அவர் கேட்பது மூன்று. இனி என் வேலைக்கு அர்த்தம் இருக்கிறதா, இந்த வயதில் எதற்காவது மாற முடியுமா? என் பாணியில் எந்திரம் வரைவதை நான் தடுக்கலாமா? அந்தப் பட்டனை என்ன செய்வது?

கடிதத்தின் நடுவே போகிற போக்கில் இப்படியும் ஒன்று சொல்லியிருக்கிறார்: "ஒருமுறை ஒரு மருந்துக்கடைக்காரர் போன் செய்தார். ஒரே மருந்தின் 5 மில்லிகிராம், 50 மில்லிகிராம் பாட்டில்கள் பார்க்க ஒரே மாதிரி இருக்கின்றன, தவறிப்போய் மாற்றிக் கொடுக்க இருந்தேன் என்றார். எண்ணைப் பெரிதாக்கினேன், பட்டையின் நிறத்தை மாற்றினேன், நிறுவனத்தின் சின்னத்தைச் சிறிதாக்கினேன். அதற்காகத் திட்டும் வாங்கினேன். இந்த மாதிரி சின்னச் சின்ன வேலைகளைத் தவிர நான் சாதித்தது ஒன்றுமில்லை."

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மூன்று முறையும் அந்த 5-க்கும் 50-க்கும் நடுவில்தான் நின்றுபோனேன். ஒன்றுமில்லை என்று நீங்கள் தள்ளிவிட்ட அந்த வேலையிலிருந்தே நான் தொடங்க வேண்டும். உங்கள் மற்றக் கேள்விகளுக்கு வழி அங்கிருந்துதான் கிடைக்கிறது.

நீங்கள் 18 ஆண்டுகள் செய்தது என்ன?

"டிசைன் என்றால் அழகாக்குவது, அழகாக்குவதை எந்திரம் கற்றுக்கொண்டுவிட்டது, ஆகவே நான் தேவையில்லை." உங்கள் கடிதத்தின் அடியில் ஓடும் கணக்கு இது. கணக்கின் முதல் வரியே தப்பு. அந்த லேபிளில் நீங்கள் எதையும் அழகாக்கவில்லை. சொல்லப்போனால் சின்னத்தைச் சிறிதாக்கி, ஒரே சீராக இருந்த வரிசையைக் கலைத்து, விற்பனைப் பிரிவின் கண்ணுக்கு அதை அசிங்கமாகத்தான் ஆக்கியிருப்பீர்கள். யாரோ ஒருவர் அவசரத்தில் தவறான பாட்டிலை எடுக்காமல் இருக்க வழி செய்தீர்கள். அந்த ஆளை நீங்கள் பார்த்ததில்லை, அவருக்கும் உங்களைத் தெரியாது.

அமெரிக்காவில் டெபோரா ஆட்லர் என்ற மாணவியின் பாட்டி, தாத்தாவுடைய மாத்திரையைத் தன்னுடையது என்று நினைத்து விழுங்கிவிட்டார். இரண்டு டப்பாக்களும் ஒன்றுபோல இருந்ததுதான் காரணம். ஆட்லர் அதையே தன் படிப்புக்கான ஆய்வாக எடுத்துக்கொண்டு மருந்து டப்பாவைப் புதிதாக யோசித்தார். மருந்தின் பெயர் மேலே பெரிய எழுத்தில் வந்தது, எழுத்து வளைவில் மறையாமல் இருக்கத் தட்டையான முகப்பு வந்தது, வீட்டில் ஆளுக்கு ஒரு நிறத்தில் கழுத்து வளையம் வந்தது. 2005-ல் டார்கெட் என்ற பெரிய கடைத் தொடர் அதைத் தன் மருந்துப் பிரிவுகளில் கொண்டுவந்தது. நீங்கள் செய்ததும் அதே வகை வேலை. அவருடையது உலகத்துக்குத் தெரிந்தது, உங்களுடையது ஒரு கடைக்காரருக்கு மட்டும் தெரியும்.

சரி, டிஜிட்டல் வந்ததும் எது மாறியது? பில் மாக்ரிட்ஜ் என்ற பிரிட்டிஷ் வடிவமைப்பாளரின் அனுபவம் இதைப் புரியவைக்கும். 1982-ல் வெளிவந்த கிரிட் காம்பஸ் என்ற கணினியின் உடலை வடிவமைத்தவர் அவர். இன்று நாம் மடித்து மூடும் லேப்டாப்களுக்கெல்லாம் அது மூத்தது. மெக்னீசிய உறை, கீல், மூடும் விதம் என்று ஒவ்வொன்றிலும் அவ்வளவு உழைத்திருந்தார். வேலை செய்யும் மாதிரி கைக்கு வந்து, அதைப் பயன்படுத்தத் தொடங்கிய சில நிமிடங்களிலேயே அந்த உடல் அவருக்கு மறந்துபோயிற்றாம். திரைக்குள் நடப்பதில்தான் மனம் முழுதும் போனது. தன் தொழில் இனி அந்தப் பக்கமும் போக வேண்டும் என்று அப்போது புரிந்துகொண்டவர், பில் வெர்ப்ளாங்க் என்பவரோடு சேர்ந்து அதற்கு 'இன்டராக்‌ஷன் டிசைன்' என்று பெயர் வைத்தார். ஒரு பொருள் எப்படி இருக்கிறது என்பதோடு, நாம் ஒன்று செய்தால் அது என்ன பதில் சொல்கிறது என்பதையும் வடிவமைக்கும் வேலை.

அந்தப் பதில் தவறாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு, இந்தத் தொழிலில் இருக்கும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு சின்ன விளக்கு உண்டு. 1979 மார்ச் 28, அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையம். அழுத்தத்தைக் குறைக்கத் திறந்த ஒரு வால்வு மூடாமல் சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டு அறையில் அதற்கான விளக்கோ அணைந்துவிட்டது. பணியிலிருந்தவர்கள் வால்வு மூடிவிட்டது என்று நம்பினார்கள். ஆனால் அந்த விளக்கு சொன்னது "மூடு என்ற கட்டளை போய்விட்டது" என்பதை மட்டும்தான். மூடியதா இல்லையா என்று அதற்குத் தெரியாது. இரண்டு மணி நேரத்துக்கும் மேலாகக் குளிர்விக்கும் நீர் வெளியேறிக்கொண்டே இருந்தது, உலையின் உட்கருவில் ஏறக்குறைய பாதி உருகிப்போனது. விபத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. இந்த விளக்கு அவற்றில் முக்கியமான ஒன்று.

இப்போது உங்கள் ஆப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பணம் கட்டியதும் பச்சை நிறத்தில் ஒரு டிக் வருகிறது. பணம் போய்ச் சேர்ந்தது என்று அர்த்தமா, கோரிக்கை அனுப்பப்பட்டது என்று அர்த்தமா? அந்த டிக்கை அழகாக வரைவது யாருக்கும் முடியும், எந்திரத்துக்கும் முடியும். அது எந்த நொடியில் வர வேண்டும், எப்போது வரவே கூடாது என்று நின்று கேட்பதற்கு, 5-ம் 50-ம் ஒரே மாதிரி இருக்கின்றன என்று கவலைப்படத் தெரிந்த ஒருவர் வேண்டும்.

இன்னொரு மாற்றம், அச்சிலிருந்து வருகிறவர்களைத்தான் ரொம்பவும் திணறடிக்கிறது. அச்சுக்கு முன் சரிபார்க்க வரும் ப்ரூஃபில் கையெழுத்துப் போட்டால் வேலை முடிந்தது என்ற நிம்மதி இனி இல்லை. திரையில் பக்கத்தின் அளவு உங்கள் கையில் இல்லை. ஒருவர் உள்ளங்கை அகலத்தில் பார்ப்பார், இன்னொருவர் மேசை அகலத்தில் பார்ப்பார். வேறொருவர் எழுத்தை இரண்டு மடங்கு பெரிதாக்கி வைத்திருப்பார். பார்வையற்ற ஒருவர் உங்கள் டிசைனைப் பார்க்கவே மாட்டார், கருவி வாசித்துக் காட்டக் காதால் கேட்பார். அவருக்கு உங்கள் நிறமும் இல்லை, ஃபான்டும் இல்லை. எது முதலில் வருகிறது, எதற்கு என்ன பெயர் என்பது மட்டுமே அவருக்கு டிசைன். நான் இதை முதன்முதலில் உணர்ந்த நாளில் கொஞ்சம் கலங்கித்தான் போனேன். அப்புறம், இவ்வளவு நாள் எதை டிசைன் என்று நினைத்திருந்தேன் என்ற கேள்வியே மாறிவிட்டது.

வேலை போகுமா?

சிலருக்குப் போகும், சிலருக்குப் போய்விட்டது. உங்கள் பிரிவில் நான்கு பேர் போயிருக்கிறார்கள். "திறமை இருந்தால் பயமில்லை" என்று உங்களிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் அது உண்மையில்லை.

1985-ல் பேஜ்மேக்கர் மென்பொருளும் லேசர்ரைட்டர் அச்சுப்பொறியும் வந்தன. அதுவரை பல கைகள் மாறி நடந்த அச்சுக்கோப்பும் பக்க அமைப்பும் ஒரே மேசைக்கு வந்துவிட்டன. அடுத்த ஆண்டே லண்டனின் வாப்பிங் பகுதியில் ஒரு செய்தித்தாள் நிறுவனம் புதிய தொழில்நுட்பத்துக்கு மாறி, வேலைநிறுத்தத்தில் இறங்கிய 5,000-க்கும் மேற்பட்ட தொழிலாளர்களை வேலையிலிருந்து நீக்கியது. அவர்கள் திறமை இல்லாதவர்கள் அல்லர். எழுத்து கோத்து கோத்துக் கண்ணும் கையும் தேர்ந்தவர்கள். கையின் வேலைக்குக் கூலி கொடுத்துக்கொண்டிருந்த இடம் இல்லாமல் போனது, அவ்வளவுதான். அதே சமயம் பக்கம் அமைக்கும் அறிவு செத்துவிடவில்லை. எந்த வரியை எங்கே உடைத்தால் படிக்கிறவர் தடுமாறமாட்டார் என்று தெரிந்தவர்கள் புதிய மேசையிலும் தேவைப்பட்டார்கள்.

2022-ல் டால்-இ 2, மிட்ஜர்னி, ஸ்டேபிள் டிஃப்யூஷன் என்று அடுத்தடுத்து வந்த ஏஐ கருவிகள் படத்துக்கு அதைத்தான் செய்யத் தொடங்கின. அந்தக் கருவியிடம் மருந்து லேபிள் கேளுங்கள், சில நொடிகளில் நான்கைந்து தரும், பார்க்கவும் நன்றாகவே இருக்கும். கூட்டம் நிற்கும் நேரத்தில், ஒரே தட்டில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு பாட்டில்கள் குழம்பிப்போகும் என்று, யாராவது கேட்காத வரை அது கவலைப்படாது. கேட்பவருக்கு அந்தத் தட்டு தெரிந்திருக்க வேண்டும்.

ஆகவே, "கேட்ட படத்தைக் கேட்டபடி போட்டுத் தருவேன்" என்பதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். அந்த இடம் சுருங்கிக்கொண்டே வருகிறது. உங்களுக்கு அதைவிடப் பெரிய இடம் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. அதற்கு நீங்கள் இதுவரை பெயர் வைக்கவில்லை, சம்பளமும் கேட்கவில்லை.

அந்த ரத்து பட்டன்

உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

"நான் படம் போடுகிறவள்தானே" என்கிறீர்கள். லேபிள் விஷயத்தில் நீங்கள் அப்படி நினைக்கவில்லையே. கடைக்காரர் தவறிப்போனால் அதில் என் லேபிளுக்கும் பங்கு உண்டு என்று நினைத்ததால்தான் திட்டு வாங்கினாலும் மாற்றினீர்கள். இங்கேயும் அதே மனசாட்சிதான் பேசுகிறது. ஒரே வித்தியாசம், அங்கே தவறுதலாக நடந்த குழப்பத்தை நீக்கினீர்கள், இங்கே வேண்டுமென்றே குழப்பத்தை உண்டாக்கச் சொல்கிறார்கள்.

இதற்குப் பெயரே உண்டு. 2010-ல் ஹாரி பிரிக்னல் என்ற பிரிட்டிஷ் வல்லுநர் இத்தகைய தந்திரங்களுக்கு 'டார்க் பேட்டர்ன்' என்று பெயரிட்டுப் பட்டியல் போட்டார். உள்ளே போவது சுலபம், வெளியே வருவது கஷ்டம் என்ற வகை அதில் ஆரம்பத்திலிருந்தே இருக்கிறது. நம் மொழியில் இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒரு ஆப்பில் "உங்கள் சந்தாவை ரத்து செய்யவா?" என்று கேட்டு, கீழே இரண்டு பட்டன்கள் வைத்திருந்தார்கள்: "ரத்து", "சரி". எதைத் தொட்டால் சந்தா நிற்கும்? "ரத்து" என்பது சந்தாவை ரத்து செய்வதா, ரத்து செய்வதை ரத்து செய்வதா? படித்தவர்களே குழம்புவார்கள். "சந்தாவை நிறுத்து", "சந்தா தொடரட்டும்" என்று எழுதியிருந்தால் சிக்கலே இல்லை. சில சமயம் அது தந்திரம்கூட இல்லை, ஆங்கிலப் பட்டனை அப்படியே மொழிபெயர்த்த அலட்சியம். பணம் இழப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

"முடிவு அவர்களுடையது" என்பது உங்கள் இரண்டாவது ஆறுதல். சட்டப்படி பார்த்தால் பொறுப்பு பெரும்பாலும் நிறுவனத்துக்குத்தான், உண்மை. ஆனால் இது வெறும் ரசனைச் சண்டை என்று நினைக்காதீர்கள். 2022 டிசம்பரில் ஃபோர்ட்நைட் விளையாட்டை நடத்தும் எபிக் கேம்ஸ் நிறுவனம், அமெரிக்க வர்த்தக ஆணையத்தோடு செய்துகொண்ட சமரசத்தில், விருப்பமில்லாமல் பணம் பிடிக்கப்பட்டவர்களுக்குத் திருப்பித் தர 24.5 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. குற்றச்சாட்டின் மையத்தில் இருந்தது பட்டன்கள் குழப்பும் விதத்தில் அமைந்திருந்ததுதான். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பயனர் புகார்களையும், சொந்த ஊழியர்கள் திரும்பத் திரும்பச் சொன்ன கவலைகளையும் நிறுவனம் கண்டுகொள்ளவில்லை என்றும் ஆணையம் சொன்னது. அந்த ஊழியர்கள் உங்களைப் போன்றவர்களாகத்தான் இருந்திருப்பார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைகள் சட்டம் இணையத் தளங்களில் இத்தகைய அமைப்பைத் தடை செய்கிறது. இந்தியா 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில் 13 வகைகளைப் பட்டியலிட்டு, அதில் சந்தாப் பொறியையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. உங்கள் ஆப் எந்தெந்த நாட்டு மக்களுக்குப் போகிறதோ அங்குள்ள விதியைப் பார்க்கச் சொல்லுங்கள்.

மேலாளர் உங்களிடம் ஒரு எண்ணைக் காட்டியிருக்கிறார்: பட்டனை மறைத்தால் இத்தனை பேர் சந்தாவில் நீடிப்பார்கள் என்று. எண் பொய்யாக இருக்காது. 2009-ல் கூகுளைவிட்டு வெளியேறிய டக்ளஸ் போமன் என்ற வடிவமைப்பாளர், அங்கே ஒரு குழு இரண்டு நீல நிறங்களில் எது என்று முடிவு செய்ய முடியாமல் நடுவிலிருந்த 41 நீலங்களைச் சோதித்துப் பார்த்ததைச் சொல்லி வருந்தினார். எதை அதிகம் பேர் தொடுகிறார்கள் என்று அளவீடு சொல்லும். தொட்டவர் விரும்பித் தொட்டாரா, வழி தெரியாமல் தொட்டாரா என்று சொல்லாது. மேலாளரின் எண்ணில், நீடிக்க விரும்பியவரும் வெளியேறத் தெரியாமல் மாட்டிக்கொண்டவரும் ஒரே கணக்கில் இருக்கிறார்கள்.

மேலாளரை வில்லனாக்கிக்கொள்ள வேண்டாம். அவருக்கும் மேலே யாரோ ஓர் இலக்கு கொடுத்திருப்பார்கள். அவர் கையில் வேறு வழியைக் கொடுங்கள். சந்தாவை இரண்டு மாதம் நிறுத்திவைக்கும் வசதி, குறைந்த கட்டணத்துக்கு மாறும் வசதி, ஏன் போகிறீர்கள் என்று ஒரே ஒரு கேள்வி, அதைத் தாண்டிப் போகவும் அனுமதி. பட்டன் தெளிவாக இருக்கட்டும். இரண்டு மாதிரிகளையும் வரைந்து பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பேசியதை அன்றைக்கே மின்னஞ்சலில் எழுதிவிடுங்கள், குற்றம் சாட்டாமல், நான்கு வரி போதும்: "ரத்து வசதியை மறைக்கும் மாதிரி பற்றிப் பேசினோம். பயனர்கள் விருப்பமில்லாமல் பணம் கட்டும் நிலை வரலாம் என்பதும், சட்டச் சிக்கல் வரலாம் என்பதும் என் கவலை. மாற்று மாதிரியை இணைத்திருக்கிறேன். சட்ட ஆலோசகரின் கருத்தைக் கேட்டுவிட்டு முடிவெடுக்கலாம் என்பது என் யோசனை." இந்த மின்னஞ்சல் பல அலுவலகங்களில் விஷயத்தை அங்கேயே முடித்துவிடும், ஏனென்றால் எழுத்தில் வந்த பிறகு அதன்மேல் கையெழுத்துப் போட யாரும் முன்வரமாட்டார்கள்.

முடிக்கவில்லை என்றால்? உங்கள் இடத்தில் நான் இருந்தால் அந்த ஸ்கிரீனை வரைய மறுப்பேன். ஆனால் வீடு உங்கள் சம்பளத்தில் ஓடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். வேறு இடம் கைக்கு வரும்வரை வேலையை விட்டுவிடாதீர்கள் என்றும் நானே சொல்கிறேன். மறுப்பதற்கு விலை உண்டு, அந்த விலையை எப்போது கொடுப்பது என்பது நீங்கள் எடுக்க வேண்டிய முடிவு. அதுவரை எழுத்தில் சொல்லி வைத்திருப்பது உங்களுக்குக் காப்பு.

பாணிக்கு உரிமை உண்டா?

நான் வழக்கறிஞர் இல்லை, ஆகவே பொதுவாகத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். பதிப்புரிமை (காப்பிரைட்) ஒரு குறிப்பிட்ட படைப்புக்கு உண்டு, பாணிக்குப் பொதுவாகக் கிடையாது. அதோடு, சம்பளத்துக்கு வேலை செய்தபோது வரைந்தவை பெரும்பாலான நாடுகளில் நிறுவனத்துக்கே சொந்தம், ஒப்பந்தம் வேறு மாதிரி சொல்லாத வரை. அவர்கள் தங்களுடைய கோப்புகளை மாதிரியாகக் கொடுப்பதைத் தடுக்க உங்களுக்குப் பெரிய வழி இருக்காது என்றே நினைக்கிறேன். உங்கள் மனம் வலிப்பது எனக்குப் புரிகிறது, சட்டம் அந்த வலியை எண்ணுவதில்லை.

ஆனால் இரண்டைப் பாருங்கள். நீங்கள் வெளியே தனிப்பட்ட முறையில் செய்துகொடுத்த வேலை ஏதாவது அதற்குள் போயிருக்கிறதா? அதன் உரிமை உங்களிடமே இருக்கலாம். ஒப்பந்தத்தை ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். அடுத்து, ஏஐ வரைந்ததற்கு உரிமை யாருக்கு என்பதே ஆட்டத்தில் இருக்கிறது. 2023 பிப்ரவரியில் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம், மிட்ஜர்னி கொண்டு உருவாக்கப்பட்ட ஒரு படக்கதையில் கதைக்கும் பக்க அமைப்புக்கும் பாதுகாப்பு உண்டு, தனித்தனிப் படங்களுக்கு இல்லை என்று முடிவு செய்தது. பிரிட்டனின் 1988-ஆம் ஆண்டுச் சட்டம் வேறு விதமாகப் பார்க்கிறது. உங்கள் நிறுவனம் ஒரு கிளையன்டுக்கு ஏஐ சின்னத்தை விற்றால், நாளை அதை வேறு யாராவது எடுத்துப் போட்டாலும் தடுக்க முடியாமல் போகலாம். இதை மேலாளரிடம் சொல்லக்கூடிய ஆள் அந்த அலுவலகத்தில் நீங்கள்தான்.

எங்கே போகலாம்?

வேலையை விட்டுவிட்டுப் பெரிய கட்டணத்தில் படிப்பு எடுக்க வேண்டாம். திரைகளை வடிவமைக்கும் ஃபிக்மா போன்ற கருவியை வீட்டிலேயே சில வாரங்களில் பழகிவிடலாம், 18 ஆண்டுகள் லேஅவுட் பார்த்த கண்ணுக்கு அது கஷ்டமே இல்லை. ஏஐ கருவியையும் கற்றுக்கொள்ளுங்கள், வெறுத்து ஒதுக்காதீர்கள். முதல் கட்டத்தில் இருபது யோசனைகளைப் போட்டுப் பார்த்துப் பத்தொன்பதைத் தூக்கிப்போட அது உதவும்.

கற்க வேண்டியது ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து வாய் திறக்காமல் பார்ப்பது. நான் ஒருமுறை பதிவுப் படிவம் ஒன்றைத் திரையில் அமைத்தேன். "சேமி"யும் "நீக்கு"ம் அடுத்தடுத்து, ஒரே அளவில். எனக்கு நன்றாகத்தான் தெரிந்தது. அதைப் பயன்படுத்தப்போகும் ஒரு அம்மாவை உட்கார வைத்தேன். அரை மணி நேரம் கவனமாக நிரப்பினார். கடைசியில் அவர் கட்டைவிரல் திரைக்கு மேலே அப்படியே நின்றுவிட்டது. இறங்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்து, "இதை அமுக்கினா எல்லாம் போயிடுமா தம்பி?" என்று கேட்டார். அவர் பயந்தது என்னால்தான். அன்று மாலையே இரண்டு பட்டன்களையும் பிரித்து வைத்தேன்.

நல்லெண்ணம் மட்டும் போதாது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். 2000-ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலில் புளோரிடாவின் பாம் பீச் மாவட்டத்தில் வாக்குச்சீட்டின் எழுத்தைப் பெரிதாக்கினார்கள், முதியவர்கள் சிரமமில்லாமல் படிக்கட்டும் என்று. பெயர்கள் ஒரு பக்கத்தில் அடங்காமல் இரண்டு பக்கமாக விரிந்தன, குத்த வேண்டிய துளைகள் நடுவில் வந்தன. இடப்பக்கம் இரண்டாவதாக இருந்த வேட்பாளருக்கு மூன்றாவது துளை. ஆயிரக்கணக்கானோர் குழம்பினார்கள். அந்த மாநிலத்தின் முடிவு 537 வாக்கு வித்தியாசத்தில் அமைந்தது. பத்துப் பேரை முன்கூட்டியே உட்காரவைத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

உங்களுக்கு நான் காட்டும் திசை அணுகல்தன்மை, அதாவது பார்வை, கேட்கும் திறன், கை அசைவு எதில் குறை இருந்தாலும் ஒருவர் பயன்படுத்தும்படி செய்வது. மடித்த குறிப்புத்தாளில் பொடி எழுத்தோடு 18 ஆண்டுகள் போராடியவருக்கு இது புது நாடு இல்லை. இணைய அணுகல்தன்மைக்கான டபிள்யூசிஏஜி நெறிகள் எல்லோரும் இலவசமாகப் படிக்கும்படி கிடைக்கின்றன. சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 வேறுபாடு இருக்க வேண்டும் என்பது போன்ற திட்டவட்டமான அளவுகள் அதில் உண்டு, அச்சுக்காரர்களுக்குப் பிடித்தமான வகை. ஐரோப்பாவில் 2025 ஜூன் 28 முதல் வங்கி, மின்வணிகம் உள்ளிட்ட பல சேவைகளுக்கு அணுகல்தன்மை சட்டப்படி கட்டாயம். அங்கே விற்கும் நிறுவனங்கள் எங்கிருந்தாலும் இதற்கு ஆள் தேட வேண்டியிருக்கும். தமிழ்த் திரைகளைச் சரியாக அமைக்கத் தெரிந்தவர்களும் குறைவு. "சப்மிட்" இருந்த பட்டனில் "சமர்ப்பிக்கவும்" வெளியே வழிகிறது, வரி இடைவெளி போதாமல் மேல்வரியின் உகரச் சுழியும் கீழ்வரியின் இகர வளைவும் முட்டிக்கொள்கின்றன. இதைப் பார்த்த மாத்திரத்தில் உங்கள் கண் உறுத்தும். மற்றவர்களுக்கு உறுத்துவதில்லை.

சுயதொழிலாக ஆரம்பிப்பது பற்றியும் கேட்டிருந்தீர்கள். இப்போது வேண்டாம். ஆறு மாதம் வேலையில் இருந்துகொண்டே ஒன்றிரண்டு சின்ன வேலைகளைச் செய்து பாருங்கள், பிறகு யோசிக்கலாம்.

வேலை தேடும்போது காட்டும் போர்ட்ஃபோலியோவில் அழகான அட்டைகளை முதலில் வைக்காதீர்கள். முதல் பக்கத்தில் அந்த 5-ம் 50-ம் வரட்டும். பழைய லேபிள் இடது பக்கம், மாற்றியது வலது பக்கம், நடுவில் கடைக்காரர் போனில் என்ன சொன்னார், நீங்கள் எதை எதற்காக மாற்றினீர்கள் என்று ஐந்தாறு வரி. அலுவலகக் கோப்பை வெளியே எடுக்க அனுமதி இல்லையென்றால் மருந்தின் பெயரையும் நிறுவனத்தின் பெயரையும் விட்டுவிட்டு, நினைவிலிருந்து பென்சிலில் வரைந்துகொள்ளுங்கள்.